5.8 கிகாஹெர்ட்ஸ் ஆன்டெனா போர்டு: எஃப்ஆர்-4 போதுமா, ரோஜர்ஸ் வாங்கியே ஆக வேண்டுமா?

கோவை_ட்ரோன்:

வணக்கம். விவசாய ட்ரோன்களுக்குத் துணைக்கருவி செய்யும் சிறிய நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ட்ரோன் கேமராவிலிருந்து வரும் 5.8 கிகாஹெர்ட்ஸ் வீடியோவைத் தரையில் பிடிக்க ஒரு ரிசீவர் செய்கிறோம். நான்கு பேட்ச் ஆன்டெனா (போர்டிலேயே பொறிக்கும் செம்புத் துண்டு), எல்என்ஏ (இரைச்சல் குறைந்த ஆம்ப்ளிஃபையர்), ஃபில்டர், பவர் சப்ளை எல்லாம் ஒரே போர்டில். அளவு 85 × 85 மிமீ, நான்கு லேயர். முதல் லாட் 50 போர்டு. சரியாக வந்தால் அடுத்து சில நூறு.

விலை கேட்டபோது தலை சுற்றிவிட்டது. வழக்கமான கண்ணாடி இழை-எபாக்சி தகடான எஃப்ஆர்-4க்கு ஒரு விலை, அதையே முழுக்க உயர் அதிர்வெண்ணுக்கென்று வரும் ரோஜர்ஸ் ஆர்ஓ4350பி தகட்டில் கேட்டால் ஐந்தாறு மடங்கு. "வைஃபை ரவுட்டர் எல்லாம் எஃப்ஆர்-4ல்தானே வருது, நமக்கு மட்டும் ஏன்?" என்கிறார் முதலாளி. அவருக்கு எண்களோடு பதில் சொல்ல வேண்டும். அவர் சொல்வதுதான் சரி என்றால் அதையும் சொல்லுங்கள்.

சிங்கை_டிஜிட்டல்:

உங்கள் முதலாளி சொல்வதில் உண்மை இருக்கிறது. வீட்டு ரவுட்டர்களில் 5 கிகா வைஃபை பெரும்பாலும் எஃப்ஆர்-4 போர்டில்தான் ஓடுகிறது, கோடிக்கணக்கில் விற்கிறது. "2 கிகாவுக்கு மேல் போனால் எஃப்ஆர்-4 வேலை செய்யாது" என்று கல்லூரியில் சொல்லிக் கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டு தேவையில்லாமல் செலவு செய்பவர்கள் நிறைய. 370எச்ஆர் மாதிரி நல்ல எஃப்ஆர்-4 லேமினேட்டை (தகட்டை) பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள், கண்ட்ரோல்ட் இம்பிடன்ஸ் (பாதையின் இம்பிடன்ஸ் சொன்ன அளவில் வரும்படி செய்வது) கேளுங்கள். போதும்.

மைக்ரோஅலை:

ரவுட்டரைத் திறந்து பார்த்தால் ரேடியோ சிப்பிலிருந்து ஆன்டெனா கேபிள் வரை உள்ள பாதை ஒரு சென்டிமீட்டரோ இரண்டோதான் இருக்கும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆன்டெனா பெரும்பாலும் தனி உலோகத் துண்டு, அந்தப் போர்டின் பகுதியே அல்ல. கோவை நண்பர் கேட்பது வேறு. இவருக்கு ஆன்டெனாவே போர்டுதான்.

எண்ணோடு கேட்டீர்கள், சொல்கிறேன். பாதையில் மின்காப்புப் பொருள் தின்னும் சிக்னலுக்கு ஒரு கைக்கணக்கு உண்டு. 2.3ஐ கிகாஹெர்ட்ஸால் பெருக்கி, லாஸ் டேன்ஜென்ட்டால் (பொருள் சிக்னலை எவ்வளவு தின்னும் என்று காட்டும் எண்) பெருக்கி, செயல்படு டிகே-யின் (டிகே என்பது தகட்டின் மின்காப்பு மாறிலி) வர்க்கமூலத்தால் பெருக்கினால் அங்குலத்துக்கு எத்தனை டெசிபல் என்று வரும். எஃப்ஆர்-4க்கு லாஸ் டேன்ஜென்ட் 0.02, வர்க்கமூலம் சுமார் 1.8. 5.8 கிகாவில் அங்குலத்துக்கு ஏறக்குறைய 0.48 டெசிபல். ஆர்ஓ4350பி-க்கு லாஸ் டேன்ஜென்ட் 10 கிகாவில் 0.0037. அதை வைத்தே போட்டாலும் 0.08தான் வரும்.

நான்கு பேட்சையும் சேர்க்கும் ஃபீட் பாதை 8 சென்டிமீட்டர் என்று வையுங்கள். எஃப்ஆர்-4ல் 1.5 டெசிபல், ரோஜர்ஸில் கால் டெசிபல். செம்பில் போகும் இழப்பு இரண்டிலும் தனி. இந்த இழப்பு எல்என்ஏ-வுக்கு முன்னால் வருவதால் அப்படியே நாய்ஸ் ஃபிகரில், அதாவது ரிசீவர் சேர்க்கும் இரைச்சலின் அளவில், ஏறும். 1 டெசிபல் நாய்ஸ் ஃபிகர் உள்ள நல்ல எல்என்ஏ-வைத் தேடி வாங்கிவிட்டு, அதற்கு முன்னால் 1.5 டெசிபலை வெப்பமாக்கிவிட்டால் அந்த எல்என்ஏ-வுக்குக் கொடுத்த காசு எங்கே போயிற்று? வித்தியாசம் 1.25 டெசிபல், திறந்த வெளியில் தூரக் கணக்கில் சுமார் 15 சதவீதம். பேட்சுக்குள்ளேயே போகும் இழப்பை இன்னும் சேர்க்கவில்லை.

இருந்தாலும் 15 சதவீத தூரம் போனால் போகட்டும் என்று உங்கள் முதலாளி சொல்லலாம், அது வியாபார முடிவு. எனக்கு அதைவிடப் பெரிய கவலை டிகே நிலையாக இருக்குமா என்பதுதான். எஃப்ஆர்-4 என்று பொதுவாகக் கேட்டால் இந்த லாட்டில் 4.2 வரலாம், அடுத்த லாட்டில் 4.6 வரலாம். பிசின் எவ்வளவு, எந்தக் கண்ணாடித் துணி என்பதைப் பொறுத்து மாறும். பேட்சின் அதிர்வெண் டிகே-யின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம். 4.2க்கும் 4.6க்கும் நடுவே 4.5 சதவீதம், அதாவது 250 மெகாஹெர்ட்ஸ் நகரும். உங்கள் பேண்ட் 5.725 முதல் 5.875 வரை, மொத்தமே 150 மெகாதான். ஒரு லாட் அருமையாக வேலை செய்யும், அடுத்த லாட் பேண்டுக்கு வெளியே போய் நிற்கும். ஆர்ஓ4350பி-யின் தாங்குவரம்பு ±0.05. அதனால் நகர்வது மேலே 40, கீழே 40 மெகாதான்.

சிங்கை_டிஜிட்டல்:

லாஸ் கணக்கை ஏற்கிறேன். டிகே விஷயத்தில் ஒன்று: லேமினேட் பெயரையும் ப்ரீப்ரெக் (லேயர்களை ஒட்டும், பிசின் ஊறிய கண்ணாடித் துணி) எண்ணையும் டிராயிங்கில் எழுதிவிட்டால் லாட்டுக்கு லாட் அவ்வளவு ஆடாது. தடித்த 7628 துணியா மெல்லிய 1080 துணியா என்பதைத் தொழிற்சாலையின் இஷ்டத்துக்கு விடும்போதுதான் பெரும்பாலும் இந்தப் பிரச்சினை வருகிறது. டிஜிட்டல் பக்கம் 10 கிகாபிட் லிங்க்குகளை இப்படித்தான் எஃப்ஆர்-4ல் ஓட்டுகிறோம்.

மைக்ரோஅலை:

ஒப்புக்கொள்கிறேன், பாதி ஆட்டம் அதில் அடங்கிவிடும். இம்பிடன்ஸ் 10 சதவீதம் தவறினாலும் டிஜிட்டல் லிங்க் சமாளித்துக்கொள்ளும். 2.5 சதவீத அகலமே உள்ள பேட்ச் சமாளிக்காது.

கோவை_ட்ரோன்:

மிக்க நன்றி. 250க்கு எதிராக 150 என்று சொன்னதும் முதலாளி அமைதியாகிவிட்டார். இப்போது "சரி, ரோஜர்ஸ் என்றால் எந்தத் தடிமன்? மெலிசாக வாங்கினால் விலை குறையுமா?" என்று கேட்கிறார். 0.508 மிமீ என்று நினைத்து சிமுலேஷன் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், டிகே 3.48.

மைக்ரோஅலை:

இரண்டு இடத்தில் நிறுத்துங்கள்.

முதலில் 3.48. ஆர்ஓ4350பி டேட்டாஷீட்டில் இரண்டு டிகே இருக்கும். 3.48 என்பது தகட்டை 10 கிகாவில் கவ்விப் பிடித்துச் சோதிக்கும் தரக்கட்டுப்பாட்டு எண். ±0.05 தாங்குவரம்பு அதற்குத்தான். டிசைனுக்கு அவர்களே பரிந்துரைப்பது 3.66. 3.48ஐப் போட்டு வரைந்தால் போர்டு கையில் வரும்போது அதிர்வெண் 2.5 சதவீதம் கீழே, சுமார் 145 மெகா தள்ளி நிற்கும். நல்ல தகடு வாங்கியும் எஃப்ஆர்-4ல் வரும் அதே சங்கடம்தான் மிஞ்சும். ஆர்ஓ4003சி-யிலும் இதே கதை, அங்கே 3.38, டிசைனுக்கு 3.55.

அடுத்தது தடிமன். பேட்சின் பேண்ட் அகலம் தடிமனோடு ஏறக்குறைய நேர்விகிதத்தில் ஏறும். உங்கள் அதிர்வெண்ணில் 0.508 மிமீக்கு 55 மெகா, 0.762க்கு 80 மெகா, 1.524க்கு 165 மெகா என்று கைக்கணக்கில் வரும். தேவை 150. மெலிசான தகட்டில் அந்த பேண்டை மூட முடியாது. 1.524 எடுங்கள். விலை கூடத்தான் செய்யும், ஆனால் இங்கே தடிமனுக்குக் கொடுக்கும் காசு நேராக பேண்ட் அகலமாகத் திரும்பி வருகிறது. வழக்கமான 1.6 மிமீ எட்ஜ் எஸ்எம்ஏ கனெக்டரும் அதில் உட்காரும். 0.508ல் அது லொடலொட என்று ஆடும்.

கோவை_ட்ரோன்:

1.524ல் 50 ஓம் பாதை 3.3 மிமீ அகலம் வருகிறதே அண்ணா. எல்என்ஏ-வின் பின்னுடைய அகலம் கால் மில்லிமீட்டர்கூட இல்லை. அதோடு நான்கு லேயர் வேண்டும்.

பேனல்காரன்:

சென்னையில் ஒரு பிசிபி தொழிற்சாலையில் கேம் பிரிவில் (வரும் டிராயிங்கை உற்பத்திக்குத் தயார் செய்யும் இடம்) இருக்கிறேன். நான் கேட்க நினைத்ததும் இதுதான்: ஏன் எல்லாம் ஒரே போர்டில்? ரோஜர்ஸ் தேவைப்படுவது ஆன்டெனாவுக்கும் ஃபீடுக்கும் மட்டும். பவர் சப்ளை, மைக்ரோகண்ட்ரோலர், கனெக்டர் எல்லாம் அந்த விலை உயர்ந்த தகட்டின் மேல் உட்கார்ந்து இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன.

மேலே ஒரு லேயர் ரோஜர்ஸ், கீழே எஃப்ஆர்-4 என்று ஹைப்ரிட் அடுக்கு போடலாம், நாங்களும் செய்கிறோம். ஆனால் 1.524 மிமீ ரோஜர்ஸுக்குக் கீழே எஃப்ஆர்-4 ஒட்டினால் தடிமன் ஏறிவிடும். அடுக்கு இரு பக்கமும் சமமாக இல்லாததால் சூட்டில் வளையும். அதை நேராக்கும் தலைவலியையும் உங்கள் விலையில்தான் சேர்ப்பார்கள். உங்களுக்கு மலிவான வழி இரண்டு போர்டு. ஆன்டெனா மட்டும் ஆர்ஓ4350பி-யில் இரண்டு லேயர். மற்றதெல்லாம் எஃப்ஆர்-4ல் சாதாரண நான்கு லேயர். இரண்டையும் முதுகோடு முதுகாக வைத்து, கிரவுண்டோடு கிரவுண்ட் சேர்த்து, நடுவில் சிக்னலுக்கு ஒரு பின்.

மைக்ரோஅலை:

முழுக்க ஆமோதிக்கிறேன். பின் இறங்கும் இடத்திலிருந்து 5 மிமீக்குள் எல்என்ஏ-வை வையுங்கள். எஃப்ஆர்-4ல் 5 மிமீ என்றால் 0.1 டெசிபல்தான் போகும். மேல் லேயருக்கும் கிரவுண்டுக்கும் இடையே 0.2 மிமீ ப்ரீப்ரெக் என்றால் 50 ஓம் பாதை சுமார் 0.38 மிமீ வரும், எல்என்ஏ பின்னுக்குப் பொருந்தும். ஆன்டெனா போர்டில் ஃபீடை 100 ஓமில் கொண்டு வாருங்கள், அகலம் 0.8 மிமீ சொச்சம்தான். இரண்டு 100 சேருமிடத்தில் 50 தானாக வரும். சிங்கை நண்பர் சொன்ன நல்ல எஃப்ஆர்-4க்கும் இங்கே இடம் கிடைத்துவிட்டது.

பத்து_கிகா:

டொராண்டோவில் இருந்து எழுதுறன். அமெச்சூர் வானொலியில் 10.368 கிகாவில் விளையாடுற ஆள். தம்பி, ரோஜர்ஸ் எண்டால் 4350 மட்டும்தான் எண்டு நினைக்க வேண்டாம். ஆர்ஓ4003சி-யின்ர லாஸ் டேன்ஜென்ட் 10 கிகாவில் 0.0027, இன்னும் குறைவு. அதைப் பார்த்தீங்களோ? இன்னொண்டு, சீனப் பக்கம் எஃப்4பி எண்டு கண்ணாடித் துணி போட்ட டெஃப்லான் தகடு மலிவாய்க் கிடைக்குது. அமெச்சூர் ஆக்கள் கனபேர் அதில ஆன்டெனா செய்யினம்.

பேனல்காரன்:

4003 நல்ல தகடு அண்ணை, ஆனால் அதில் தீத்தடுப்புச் சேர்க்கை கிடையாது, யுஎல் 94 வி-0 தகுதி இல்லை. 4350பி-க்கு உண்டு. பொழுதுபோக்குக்கு யாரும் கேட்கப் போவதில்லை. விற்கும் பொருளென்றால் வாங்குபவர் ஒரு நாள் அந்தச் சான்றிதழைக் கேட்பார். நாங்கள் விசாரிக்கும்போது இருப்பில் எது இருக்கிறது என்பதும் முக்கியம். இருப்பில் இல்லாத தடிமனைக் கேட்டால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

டெஃப்லான் வகையில் தகட்டு விலையை மட்டும் பார்க்கக் கூடாது. அதில் எதுவும் ஒட்டாது என்பது சமையலறையிலேயே தெரிந்த சங்கதி. துளைக்குள் செம்பு பிடிக்க வேண்டுமென்றால் சோடியம் கரைசலிலோ பிளாஸ்மாவிலோ துளைச் சுவரைப் பக்குவப்படுத்த வேண்டும். அந்த வசதி எல்லா இடத்திலும் இல்லை. இல்லாத இடத்தில் "செய்கிறோம்" என்று வாங்கிப் போட்டால் வயா (செம்பு பூசிய துளை) முதல் சூட்டிலேயே விட்டுவிடும். அதோடு சில வகைகள் தடிமன் திசையில் ரொம்ப விரியும். ஆர்ஓ4350பி டிகிரிக்கு 32 பிபிஎம் (பத்து லட்சத்தில் 32 பங்கு) விரிகிறது, டெஃப்லானில் கண்ணாடி இழை கலந்த டியூராய்டு 5880 டிகிரிக்கு 237 பிபிஎம். 4000 வரிசை ஹைட்ரோகார்பனும் செராமிக் தூளும் கலந்தது. எஃப்ஆர்-4 லைனிலேயே ஓட்டலாம். செராமிக் இருப்பதால் டிரில் பிட் சீக்கிரம் தேயும், அவ்வளவுதான். உயர் அதிர்வெண் தகடுகளில் இதை எங்களைப் போன்றவர்கள் துணிந்து எடுப்பதற்குக் காரணமே இதுதான்.

வயா குறைவாக உள்ள வெறும் ஆன்டெனாவுக்கு எஃப்4பி பொருந்தும், மறுக்கவில்லை. எந்த டிகே லாட் என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும். 2.2, 2.55, 2.65 என்று பல உண்டு.

பத்து_கிகா:

விளங்குது. டெஃப்லானில இன்னொரு சங்கதியும் சொல்லவேணும். 19 பாகை சுற்றில அதின்ர படிக அமைப்பு மாறும், டிகே-யும் ஒரு சின்னக் குதி குதிக்கும். இஞ்ச குளிருக்கை வெளியில வைக்கிற ஃபில்டருக்கு அது தெரியும். கோயம்புத்தூரில வயலுக்கை வைக்கிற பெட்டிக்கு அது பெரிய கரைச்சல் இல்லை.

கோவை_ட்ரோன்:

இரண்டு போர்டாகப் பிரித்துவிட்டேன். ஆன்டெனா போர்டு 85 × 85 அப்படியே, ஆர்ஓ4350பி 1.524, இரண்டு லேயர், 50 எண்ணம். மூன்று இடத்தில் விலை கேட்டேன். மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ஒருவர் மூன்று முழுத் தகடுக்கு விலை போட்டிருக்கிறார். மற்றொருவர் "ரோஜர்ஸ் அல்லது அதற்கு இணையானது" என்று எழுதி எல்லாரையும்விடக் குறைத்திருக்கிறார். மூன்றாவது வெளிநாட்டு ஆன்லைன் கடை. எதை எதோடு ஒப்பிடுவது?

பேனல்காரன்:

மூன்று தகடு எப்படி வந்தது என்று காட்டுகிறேன். இது வெளியே யாரும் சொல்வதில்லை.

முழுத் தகடு 24 × 18 அங்குலம். நாங்கள் பாதியாக வெட்டி 457 × 305 மிமீ பேனலாக ஓட்டுகிறோம். பிடிப்பதற்கும் பின் துளைக்கும் நான்கு பக்கமும் 15 மிமீ விட்டால் மிஞ்சுவது 427 × 275. போர்டுக்குப் போர்டு ரவுட்டர் போக 2 மிமீ இடைவெளி. உங்கள் 85 மிமீ போர்டு நீளத்தில் ஐந்து வைத்தால் 433 மிமீ வேண்டும். 6 மிமீ குறைகிறது, அதனால் நான்குதான். அகலத்தில் மூன்று. பேனலுக்கு 12. 50 போர்டுக்கு ஐந்து பேனல், அதாவது இரண்டரைத் தகடு. மிச்சமுள்ள அரைத் தகட்டை அவர் வேறு யாருக்கும் விற்க முடியாது, அதனால் மூன்றாகப் போட்டிருக்கிறார். அவர் உங்களை ஏமாற்றவில்லை.

இப்போது ஒரு பக்கத்தை மட்டும் 83 ஆக்குங்கள். ஐந்து போர்டும் நாலு இடைவெளியும் சேர்த்து 423, உள்ளே அடங்கிவிட்டது. பேனலுக்கு 15. 50க்கு நான்கு பேனல், சரியாக இரண்டு முழுத் தகடு. இரண்டு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு தகட்டுச் செலவு போய்விட்டது. கழிவுக்கு 10 போர்டு கூடுதலாகவும் கிடைக்கிறது. ஓரங்கள் ஒவ்வொரு தொழிற்சாலையிலும் வேறுபடும், அதனால் அவுட்லைனை முடிவு செய்வதற்கு முன்னால் "உங்கள் பேனலில் பயன்படும் இடம் எவ்வளவு?" என்று கேட்டுவிடுங்கள். எஃப்ஆர்-4ல் யாரும் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. ரோஜர்ஸில் பார்த்தே ஆக வேண்டும்.

"அல்லது இணையானது" என்ற வரியை அடித்துவிடச் சொல்லுங்கள். இணையான தகடு மோசம் என்று சொல்ல வரவில்லை. ஷெங்யி எஸ்7136எச் நல்ல தகடு, டிகே 3.42, அதைத் தெரிந்து தேர்ந்தெடுத்து அதற்கு ஏற்ப வரைந்தால் விலையும் இறங்கும். ஆனால் எது வருமென்று தெரியாமல் வரையக் கூடாது. தகட்டின் லாட் எண்ணும் தரச்சான்றும் போர்டோடு வர வேண்டும் என்று ஆர்டரில் எழுதுங்கள்.

சிங்கை_டிஜிட்டல்:

ஆன்லைன் கடை விலையைப் பார்க்கும்போது வரியைச் சேர்த்துப் பாருங்கள். இறக்குமதியில் கட்டும் ஐஜிஎஸ்டி 18 சதவீதத்தை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம். சுங்க வரி ஏதும் விழுந்தால் அது திரும்பாது, கூரியர்காரர் வாங்கும் கட்டணமும் திரும்பாது. ஐந்து போர்டு மாதிரிக்கு அது மலிவாகத்தான் இருக்கும். 50க்கு அப்படி இருக்க வேண்டியதில்லை. அப்புறம் டூலிங் கட்டணம் ஒருமுறைதான், அதைப் போர்டு விலையோடு கலந்து காட்டியிருந்தால் பிரித்துத் தரச் சொல்லுங்கள். அடுத்த சில நூறு போர்டுக்கு உங்களுக்கு வேண்டியது அது இல்லாத விலை.

கோவை_ட்ரோன்:

83 × 85 ஆக்கிவிட்டேன். பேட்ச் இடைவெளியைத் தொடவில்லை, கிரவுண்ட் ஓரம்தான் இரண்டு பக்கமும் 1 மிமீ குறைந்தது. சிமுலேஷனில் வித்தியாசம் தெரியவில்லை. முதல்காரரே இரண்டு தகட்டுக்கு விலையைத் திருத்தி அனுப்பிவிட்டார். கடைசியாக ஒரு கேள்வி. பூச்சு என்ன போடுவது? வழக்கமாக நிக்கல் மேல் தங்கம்தான் போடுகிறோம்.

மைக்ரோஅலை:

ஆன்டெனா போர்டில் நிக்கல் வேண்டாம். 5.8 கிகாவில் செம்பில் மின்னோட்டம் மேல்பரப்பில் 0.87 மைக்ரான் ஆழத்துக்குத்தான் ஓடுகிறது. நிக்கல் அடுக்கு 3 முதல் 6 மைக்ரான், மேலே உள்ள தங்கம் அதில் ஒரு சிறு பங்கு. பாதையின் ஓரங்களில்தான் மின்னோட்டம் நெரிசலாகப் போகும், அங்கே அது ஓடுவது நிக்கலுக்குள். நிக்கல் செம்பைவிட மோசமான கடத்தி, காந்தத்தன்மை வேறு உண்டு. தகட்டுக்குக் காசு கொடுத்து மிச்சம் பிடித்த இழப்பில் ஒரு பங்கை இங்கே திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

இம்மர்ஷன் சில்வர் போடலாம், ஆனால் வயல்வெளியில் திறந்து கிடந்தால் கறுக்கும். அதனால் பேட்சையும் ஃபீடையும் வெறும் செம்பாக விட்டு மேலே சோல்டர் மாஸ்க் போடச் சொல்லுங்கள். நடுப் பின்னைச் சாலிடர் செய்யும் இடத்தில் மட்டும் சில்வர். 1.524 மிமீ தகட்டுக்கு மேலே இருபது முப்பது மைக்ரான் மாஸ்க் அதிர்வெண்ணைக் கொஞ்சம்தான் கீழே இழுக்கும். அதை இப்போதே சிமுலேஷனில் சேர்த்து பேட்சை அந்த அளவுக்குக் குறைத்துவிடுங்கள். பேனலில் கூடுதலாக வரும் 10 போர்டில் இரண்டை மாஸ்க் இல்லாமல் எடுத்துத் தர முடியுமா என்று தொழிற்சாலையில் கேட்டுப் பாருங்கள், அளந்து ஒப்பிடலாம்.

பேனல்காரன்:

இரண்டை மட்டும் மாஸ்க் இல்லாமல் எடுப்பது சுலபம். பேனல் டிராயிங்கில் அந்த இரண்டு இடத்துக்கு மாஸ்க் திறப்பைப் பெரிதாக்கினால் போதும், தனிக் கட்டணம் கேட்க மாட்டார்கள். கெர்பர் (போர்டு டிராயிங் ஃபைல்) அனுப்பும்போதே குறிப்பில் எழுதிவிடுங்கள், பிறகு சொன்னால் புது ஃபிலிம் என்பார்கள். சில்வர் போர்டை வெள்ளிக்கென்று வரும் கந்தகமில்லாத தாளில் சுற்றி அனுப்பச் சொல்லுங்கள். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டக் கூடாது.